மீட்புக் கதைகளுக்கு அப்பால்: மேற்கத்தியப் பெண்களின் நினைவுக்குறிப்புகளும் எல்லை மண்ணின் முஸ்லிம் பெண்களும்

முஸ்லிம் பெண்களைப் பற்றி ஆங்கிலத்தில் அதிகம் விற்ற நூல்களின் அட்டைகள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். கறுப்புத் துணி, அதன் நடுவே இரண்டு கண்கள். உள்ளே உள்ள கதையிலும் அதே ஒற்றுமை உண்டு. ஒரு வீடு, அதில் அடைபட்ட பெண், அவளை ஆட்டிவைக்கும் ஆண், முடிவில் தப்பித்தல் அல்லது சாவு. கதையைச் சொல்பவர் பெரும்பாலும் மேற்கிலிருந்து அந்த வீட்டுக்குள் சென்று திரும்பிய ஒரு பெண்.

ஓசூரில் நகரப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் புர்கா அணிந்த ஒரு பெண் வந்து அமர்ந்தால், அவரிடம் ஒரு சொல்கூடப் பேசுவதற்கு முன்பே அவரைப் பற்றிய கதையொன்று நம் மனத்தில் ஓடத் தொடங்கிவிடுகிறது. அவர் எங்கே போகிறார், என்ன படித்தார், வீட்டில் யார் சொல் எடுபடுகிறது என்பதெல்லாம் நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். இந்தத் தெரிதலை நமக்குக் கொடுத்தவற்றில் அந்த நூல்களுக்கும், அவற்றைப் பின்பற்றி எடுத்த படங்களுக்கும், எழுதிய செய்திகளுக்கும் பங்குண்டு.

அந்நூல்கள் விடுதலையை எப்படி வரையறுக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் வாதம் இதுதான்: மேற்கத்திய நினைவுக்குறிப்புகளில் விடுதலை என்றால் வெளியேறுவது. தமிழகத்திலும் கர்நாடகத்திலும் முஸ்லிம் பெண்கள் தாமே எழுதியவற்றிலும் நடத்திய போராட்டங்களிலும் விடுதலை என்றால், இருக்கும் இடத்தில் நின்று முடிவெடுக்கும் உரிமையைக் கேட்டுப் பெறுவது. இந்த வேறுபாட்டைக் காணாமல் எழுதப்படும் அனுதாபம் பல சமயம் அப்பெண்களுக்கே எதிராகத் திரும்பியிருக்கிறது.

எல்லை மண்

இந்த ஆய்வுக்கு ஓசூர்–கிருஷ்ணகிரிப் பகுதியைக் களமாகக் கொள்ளக் காரணம் உண்டு. கிருஷ்ணகிரியைச் சுற்றிய பாராமகால் ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் மைசூர் அரசின் பகுதி. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. மேட்டுநிலமான ஓசூர்ப் பக்கம் 1799இல் திப்பு வீழ்ந்த பிறகே கம்பெனியிடம் சேர்ந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடத்தோடு தக்கனி உருதுவும் இங்கே அன்றாடம் புழங்கும் மொழி. மாவட்ட மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 6 விழுக்காடு.

தமிழ் இலக்கியத்தில் நாம் அதிகம் சந்தித்த முஸ்லிம் பெண் நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களையோ துவரங்குறிச்சி போன்ற உள்நாட்டு ஊர்களையோ சேர்ந்தவர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். கிருஷ்ணகிரியின் உருது பேசும் குடும்பத்துப் பெண்ணுக்குப் பழக்கவழக்கமும் உறவுமுறைச் சொல்லும் உடையும் வேறு. அவருடைய பெண் எடுப்பும் கொடுப்பும் பெங்களூரு, கோலார், வாணியம்பாடி, ஆம்பூர் என்று மாநில எல்லையைத் தாண்டி விரிகின்றன. ‘முஸ்லிம் பெண்’ என்ற ஒற்றை உருவம் ஒரு மாவட்டத்துக்குள்ளேயே நிற்காது. அப்படியிருக்க, மொராக்கோ முதல் இந்தோனேசியா வரையிலும் ஒரே உருவத்தைப் பொருத்தும் நூலின் நம்பகத்தன்மை எவ்வளவு என்று கேட்டே ஆகவேண்டும்.

உள்ளே நுழைந்த முதல் எழுத்தாளர்கள்

ஐரோப்பிய ஆண் பயணிகள் அந்தப்புரத்தைப் பற்றி நூற்றாண்டுகளாக எழுதினார்கள். உள்ளே போய்ப் பார்த்தவர் மிக அரிது. பெண் பயணிக்கு அந்தக் கதவு திறந்தது. ஆகவே பெண் எழுதிய குறிப்புக்கு நேரில் கண்ட சாட்சியம் என்ற மதிப்பு கிடைத்தது. இந்த வகை எழுத்தின் செல்வாக்கு முழுவதும் அந்த ஒரு தகுதியின்மீதே நிற்கிறது.

தொடக்கத்தில் அந்தச் சாட்சியம் வியக்கத்தக்க அளவு திறந்த மனத்தோடு இருந்தது. 1716 முதல் 1718 வரை ஒட்டோமான் பேரரசில் பிரிட்டிஷ் தூதரின் மனைவியாக இருந்தவர் மேரி வொர்ட்லி மான்டேகு. அவர் இறந்த மறு ஆண்டு, 1763இல், அவருடைய துருக்கிக் கடிதங்கள் வெளியாயின. சோபியா நகரின் குளியலறையில் பெண்கள் தன் இறுக்கமான உள்கச்சையைக் கண்டு, கணவர் இவரை இதற்குள் பூட்டிவைத்திருக்கிறார் என்று எண்ணியதாக அவர் எழுதினார். முகத்திரை அணிந்த துருக்கிப் பெண்கள் அடையாளம் தெரியாமல் நடமாட முடிகிறது, தம் சொத்தைத் தாமே வைத்துக்கொள்கிறார்கள் என்பதையும் பதிவுசெய்தார். அக்கால இங்கிலாந்தில் பொதுச் சட்டப்படி மணமான பெண்ணின் உடைமை கணவனுடையது. அந்நிலையை மாற்றிய முழுமையான சட்டம் 1882இல்தான் வந்தது. மணமகன் மணமகளுக்குத் தரும் மஹரும் வாரிசுப் பங்கும் இஸ்லாமியச் சட்டத்தில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பெண்ணுக்கு உரியவையாக இருந்தன. நடைமுறையில் அவை எவ்வளவு கைக்கு வந்தன என்பது தனிக் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம்.

இந்தியாவில், லக்னோவின் முஸ்லிம் ஒருவரை மணந்து பன்னிரண்டு ஆண்டுகள் அக்குடும்பத்தோடு வாழ்ந்த ஆங்கிலேயப் பெண், மிஸஸ் மீர் ஹஸன் அலி என்ற பெயரில் 1832இல் ஒரு நூலை வெளியிட்டார். மாமியார் வீட்டுப் பெண்களின் பண்டிகை, துக்கம், திருமணம், குழந்தை வளர்ப்பு எல்லாம் அதில் உண்டு. கண்டிப்பும் உண்டு, அன்பும் உண்டு. அங்கே பெண்களுக்குப் பெயரும் குணமும் விருப்பு வெறுப்பும் இருக்கின்றன. ஒருவரோடு ஒருவர் வாழ்ந்தால் எழுத்து எப்படி மாறும் என்பதற்கு அந்நூல் சான்று.

ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வேலூருக்கு

நம் எல்லை மண்ணுக்கு மிக அருகில் நடந்தது வேறு வகை. 1799 மே 4ஆம் நாள் திப்பு கொல்லப்பட்டபோது, அவருடைய அரண்மனையிலும் ஹைதரின் அரண்மனையிலும் இருந்த நூற்றுக்கணக்கான பெண்கள் கம்பெனியின் பொறுப்பில் வந்தார்கள். 1802இல் ஏறத்தாழ 550 பெண்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டதை வரலாற்றாசிரியர் ஜெனிபர் ஹோவ்ஸ் ஆவணங்களிலிருந்து எடுத்துக்காட்டியிருக்கிறார். 1806 ஜூலை 10 அதிகாலையில் வெடித்த வேலூர்ப் புரட்சிக்கு முந்தைய நாள் கோட்டையில் திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம். புரட்சிக்குப் பின் கோட்டையிலிருந்த திப்புவின் மகன்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அரச குடும்பத்துப் பெண்கள் சிலரின் கல்லறைகள் இன்றும் வேலூரில் இருக்கின்றன.

அந்தப் பெண்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும் கம்பெனி அதிகாரிகள் எழுதிவைத்த பட்டியல்கள், படிச் செலவுக் கணக்குகள், கண்காணிப்புக் கடிதங்கள் வழியாக வந்தவை. 1800ஆம் ஆண்டில், மதராஸ் கவர்னரின் மனைவி ஹென்றியேட்டா கிளைவ் தன் மகள்களோடு பெங்களூருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் நீண்ட பயணம் செய்தார். தாய் எழுதிய கடிதங்களும் சிறுமி சார்லட்டின் நாட்குறிப்பும் பாதுகாக்கப்பட்டு, நம் காலத்தில் நூலாகவும் வந்துவிட்டன. வென்றவர் வீட்டுச் சிறுமியின் நாட்குறிப்பு இருநூறு ஆண்டுகள் கழித்தும் அச்சேறுகிறது. தோற்ற அரசின் பெண்களில் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க எல்லா நியாயமும் உண்டு; ஆனால் அவர்கள் நம்மிடம் நேரடியாகப் பேசும் நூல் ஒன்றும் நம் கையில் தவழவில்லை. யாருடைய காகிதம் பாதுகாக்கப்படுகிறது என்பதை அதிகாரம் தீர்மானிக்கிறது. நினைவுக்குறிப்பு என்ற வகையை மதிப்பிடும்போது முதலில் மனத்தில் கொள்ளவேண்டிய உண்மை இது.

மீட்பு ஒரு திட்டமானபோது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நோக்கமே மாறியது. ‘ஜெனானா’ எனப்பட்ட பெண்கள் பகுதிக்குச் சென்று கல்வியும் மருத்துவமும் மதமும் புகட்டும் மிஷன் அமைப்புகள் உருவாயின. இங்கிலாந்து திருச்சபையின் ஜெனானா மிஷனரி சங்கம் 1880இல் தொடங்கியது. பின்னாளில் டோனாவூரில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல் 1895இல் அச்சங்கத்தின் வழியாகவே பெங்களூருக்கு வந்தார். மிஷன் பெண்கள் கட்டிய பள்ளிகளும் மருத்துவமனைகளும் பல பெண்களுக்கு உண்மையில் உயிர் கொடுத்தன. அந்தப் பணியை மதிக்கவேண்டும். ஆனால் அந்தப் பணிக்கு இங்கிலாந்தில் நன்கொடை திரட்டவேண்டியிருந்தது. நன்கொடைக்கு இருண்ட அறையும் வாடிய முகமும் தேவைப்பட்டன. மகிழ்ச்சியான மாமியாரும் சொத்து வழக்கு நடத்தும் விதவையும் அந்த எழுத்தில் இடம்பெறுவது கடினமாயிற்று.

அரசியலும் இந்த மொழியைக் கடன்வாங்கியது. எகிப்தை ஆண்ட குரோமர் பிரபு, முகத்திரையைக் காட்டியே அந்நாட்டை நாகரிகமற்றதாகக் கூறினார். அதே குரோமர் இங்கிலாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்ற இயக்கத்துக்குத் தலைமை தாங்கியதை லெய்லா அகமது 1992இல் வெளியான தம் நூலில் விளக்குகிறார். பெண்ணின் நலம் அங்கே ஆட்சியின் வாதமாகிவிட்டது.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு சாட்சியம் உண்டு. இஸ்தான்புல்லிலிருந்து ஐரோப்பாவுக்குத் தப்பிச் சென்ற ஜெய்னெப் ஹானும் என்ற துருக்கிப் பெண்ணின் ஐரோப்பிய அனுபவ நூல் 1913இல் வெளியானது. லண்டன் நாடாளுமன்றத்தில் பெண்கள் அமரும் மாடம் கம்பி வலைக்குப் பின்னால் இருந்ததைக் கண்டு, அது தன் ஊர் அந்தப்புரம் போலவே இருப்பதாக அவர் எழுதினார். அந்த வலை 1917இல் அகற்றப்பட்டது. தப்பித்து வந்தவர் வந்த இடத்தையும் அளந்து பார்த்த அரிய நூல் அது.

1987க்குப் பின்

இன்றைய வாசகர் அறிந்த வடிவம் 1987இல் வெளியான பெட்டி மஹ்மூதியின் ‘நாட் விதவுட் மை டாட்டர்’ நூலோடு வேர்கொண்டது. ஈரானியக் கணவரிடமிருந்து மகளோடு தப்பிய அமெரிக்கத் தாயின் கதை அது. அந்தத் தாய் பட்ட துன்பத்தை யாரும் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் அந்நூலும் 1991இல் வந்த திரைப்படமும் ஒரு கொடிய மணவாழ்வை ஒரு நாட்டின், ஒரு மதத்தின் முகமாக்கின. 1992இல் ஜீன் சாசனின் ‘பிரின்சஸ்’ சவுதி இளவரசி ஒருவரின் வாழ்க்கையாக வந்தது. 2001 நவம்பர் 17 அன்று அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் வானொலியில் பேசி, ஆப்கன் போரைப் பெண்களின் கண்ணியத்துக்கான போராகவும் முன்வைத்தார். அதன்பின் இத்தகைய நூல்களுக்குச் சந்தை பெருகியது.

அவற்றில் மூன்று நூல்களின் பின்கதை நமக்குப் பாடம். நோர்வே பத்திரிகையாளர் ஆஸ்னே சையர்ஸ்டாட், காபூலில் ஒரு புத்தக வணிகரின் வீட்டில் தங்கி எழுதிய நூல் 2002இல் வெளியானது. அந்த வணிகரின் மனைவியே தன் அந்தரங்கம் மீறப்பட்டதாக ஆஸ்லோவில் வழக்குத் தொடுத்தார். 2010இல் கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எழுத்தாளரை விடுவித்தது. சட்டப்படி வென்றவர் யாராக இருந்தாலும், யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் பெண்ணே நூலுக்கு எதிராக நீதிமன்றம் ஏறினார் என்பதை மறக்க முடியாது.

இரண்டாவது, அமெரிக்க அழகுக்கலைஞர் டெபோரா ராட்ரிகஸ் காபூல் அழகுக்கலைப் பள்ளியைப் பற்றி 2007இல் வெளியிட்ட நூல். ஆசிரியர் நாட்டை விட்டுச் சென்றார். அங்கேயே இருந்த பெண்கள், நூலில் வெளிப்பட்ட தங்கள் வாழ்க்கையால் ஆபத்து வரும் என்று அஞ்சியதை அமெரிக்க வானொலியே ஒலிபரப்பியது.

மூன்றாவது மிகவும் வேதனையானது. ஜோர்டானில் தன் தோழி ஆணவக் கொலைக்குப் பலியானதாக நோர்மா கூரி எழுதிய நூல், மேற்கில் வாழ்ந்தபடி புனையப்பட்டது என்பதை 2004 ஜூலையில் சிட்னி நாளிதழ் ஒன்று வெளிப்படுத்தியது. பதிப்பகம் நூலைத் திரும்பப் பெற்றது. ஆணவக் கொலைகளுக்கு எதிராக ஜோர்டானிலேயே பல ஆண்டுகள் எழுதிவந்த பத்திரிகையாளர் ரானா ஹுசைனி போன்றோரே அந்நூலின் பிழைகளை முதலில் சுட்டிக்காட்டினார்கள். கொலைகள் உண்மை; போராட்டமும் உண்மை. பொய்யான ஒரு மீட்புக் கதை, உண்மையான போராளிகளைப் பார்த்து ‘நீங்களும் வெளிநாட்டுச் சதி’ என்று சொல்லப் பழமைவாதிகளுக்கு வழி செய்துகொடுத்தது.

மானிடவியலாளர் லைலா அபு லுகோத் 2002இல் ஒரு கட்டுரையிலும் 2013இல் ஒரு நூலிலும் கேட்ட கேள்வி இங்கே பொருந்தும்: முஸ்லிம் பெண்களுக்கு உண்மையில் மீட்பர்கள் தேவையா? ஒருவரை மீட்கிறோம் என்றால் எதிலிருந்து என்பதோடு எதற்குள் என்பதையும் சொல்லவேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

உள்ளிருந்து எழுதியவர்கள்

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கான விடை பல பத்தாண்டுகளாக எழுதப்பட்டுவருகிறது. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா கடமையா’ நாவலை வெளியிட்டார். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண் என்று அறியப்படும் அவர், எவரும் வந்து மீட்கும்வரை காத்திருக்கவில்லை. துவரங்குறிச்சியின் சல்மா பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். மறைந்து மறைந்து கவிதை எழுதியவர். 2001இல் அதே ஊரில் பேரூராட்சித் தலைவரானார். 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வந்தது. அந்த நாவலில் பெண்களின் சிரிப்பும் பொறாமையும் ஆசையும் கேலியும் கொடுமையும் அருகருகே இருக்கின்றன. ஒடுக்கும் பெண்ணும் அங்கே உண்டு, இரங்கும் ஆணும் உண்டு. பிரிட்டிஷ் இயக்குநர் கிம் லாங்கினோட்டோ 2013இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் உலகின் பல திரைகளுக்குப் போனது. ஆனால் சல்மா ஊரை விட்டு ஓடி வென்றவர் அல்லர். தன்னை அடைத்துவைத்த ஊரின் வாக்கைக் கேட்டு வென்றவர்.

எல்லைக்கு அப்பால் ஹாசனைச் சேர்ந்த பானு முஷ்தாக், 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றார். தீபா பாஸ்தி மொழிபெயர்த்த ‘ஹார்ட் லேம்ப்’ தொகுப்பின் பன்னிரண்டு கதைகள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கன்னடத்தில் எழுதப்பட்டவை. கிருஷ்ணகிரியின் உருதுக் குடும்பங்களைப் போலவே அவர் வீட்டிலும் தக்கனி பேசினார்கள். பள்ளிவாசலில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று பேசியதற்காக 2000ஆம் ஆண்டு ஊர்விலக்கை அனுபவித்தவர். அவர் கேட்டது பள்ளிவாசலுக்குள் செல்லும் உரிமை. மேற்கத்திய நினைவுக்குறிப்பின் கதையமைப்பில் இப்படியொரு கோரிக்கைக்கு இடமே இல்லை. அங்கே மதம் என்பது விட்டு வெளியேறவேண்டிய ஒன்று மட்டும்தான்.

புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் ‘ஸ்டெப்ஸ்’ அமைப்பையும், பிறகு தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாத்தையும் உருவாக்கினார். தலாக், வரதட்சணை, ஜீவனாம்சம் எல்லாவற்றையும் ஆண்கள் மட்டுமே அமர்ந்து பேசும் ஜமாத்தில், சம்பந்தப்பட்ட பெண்ணுக்கே குரல் இல்லை. ஆகவே பெண்களே ஜமாத் கூடினார்கள், வழக்குகளைக் கேட்டார்கள், காவல் நிலையம், நீதிமன்றம், ஊர்ப் பெரியவர்கள் மூவரிடமும் போனார்கள். தீபா தன்ராஜ் 2011இல் எடுத்த ‘இன்வோகிங் ஜஸ்டிஸ்’ அதைப் பதிவுசெய்தது. காஜிகள் தலாக் சான்றிதழ் வழங்குவதை எதிர்த்து வழக்கறிஞர் பதர் சயீது சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். இந்தூரின் ஷா பானு ஜீவனாம்சம் கேட்டுப் பெற்ற 1985 தீர்ப்பும், ஷாயரா பானு தொடுத்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 22 அன்று முத்தலாக் செல்லாதென வந்த தீர்ப்பும் பெண்கள் தாமே தொடங்கிய வழக்குகளின் விளைவு. மஹரும் வாரிசுப் பங்கும் ஏட்டில் இருந்து கைக்கு வராத நிலையை எதிர்த்த போராட்டங்கள் இப்படித்தான் நடந்திருக்கின்றன.

இவர்கள் எவரும் தம் சமூகத்தின் ஆணாதிக்கத்தை மறைக்கவில்லை. வெளியார் எழுதிய எந்த நூலையும்விடக் கடுமையாக அதைச் சாடியவர்கள் இவர்களே. ஒதுக்கல், மிரட்டல், வசை என்று அதற்கான விலையையும் கொடுத்தவர்கள். மேற்கத்திய மீட்புக் கதையை விமர்சிப்பது உள்ளூர்க் கொடுமைக்கு வக்காலத்து வாங்குவதாகாது என்பதற்கு இவர்களின் வாழ்க்கையே சான்று.

ஆலை வாசலில்

சிப்காட் வளாகமும், 1980களில் தொடங்கிய டைட்டன் கடிகார ஆலையும் ஓசூரை மாற்றின. இன்று மின்னணு ஆலைகள் பெண்களைப் பெருமளவில் வேலைக்கு எடுக்கின்றன. போச்சம்பள்ளி அருகே தன் மின்வாகன ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா நிறுவனம் 2021இல் அறிவித்தது. முஸ்லிம் பெண்கள் வேலைக்குப் போகும் விகிதம் குறைவு, போகிறவர்களிலும் வீட்டிலிருந்தே செய்யும் வேலைகளில் இருப்போர் அதிகம் என்று சச்சார் குழு 2006இல் குறிப்பிட்டது. ஆலைகள் பெருகும் மாவட்டத்தில் இந்தப் படம் மாறுகிறதா என்பது முக்கியமான கேள்வி. அதற்கு விடை தேட, துணியை மட்டும் பார்த்துப் பயனில்லை. இரவு ஷிப்டு முடிந்தால் வீட்டு வாசல்வரை வண்டி வருகிறதா? விடுதி பாதுகாப்பானதா? ஒப்பந்த வேலை நிரந்தரமாகுமா? சம்பளம் யார் வங்கிக் கணக்கில் சேர்கிறது? உருது வழியில் படித்த பெண் தொழிற்பயிற்சி நிலையத்துக்குள் நுழைய முடிகிறதா? இவற்றில் பெரும்பாலானவை பக்கத்து வீட்டு இந்துப் பெண்ணும் கேட்கும் கேள்விகள்.

துணியை மட்டும் பார்த்துப் பயனில்லை என்பதை 2022ஆம் ஆண்டு இன்னொரு விதத்தில் காட்டியது. எல்லைக்கு அப்பால் உடுப்பியில் தலைத்துணி அணிந்து வகுப்புக்கு வரவேண்டும் என்று மாணவிகள் போராடினார்கள். மார்ச் 15 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் வகுப்பறையில் தலைத்துணிக்கு இருந்த தடையை ஏற்றது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் இருவேறு தீர்ப்பு எழுதினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், தலைத்துணி விதியை மீறியதாகக் கைதுசெய்யப்பட்ட மஹ்சா அமினியின் மரணத்துக்குப் பின் ஈரானில் பெண்கள் தலைத்துணியைக் கழற்றி எரித்தார்கள். அணிய விடு என்றவர்களும் கழற்ற விடு என்றவர்களும் கேட்டது ஒன்றையே: என் உடலைப் பற்றி நானே முடிவெடுப்பேன். மீட்புக் கதையால் தெஹ்ரானைப் புரிந்துகொள்ள முடியும். உடுப்பியைப் புரிந்துகொள்ள முடியாது. இரண்டையும் ஒருசேரப் புரிந்துகொள்ளும் அளவுகோலே நமக்கு வேண்டும்.

எப்படி வாசிப்பது

இந்நூல்களை விலக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாசிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். எழுதியவர் அங்கே எவ்வளவு காலம், யார் மொழியில் வாழ்ந்தார்? அந்த ஊரிலேயே போராடும் பெண்களுக்கு நூலில் பெயரும் இடமும் இருக்கின்றனவா? வெளியேறுதலைத் தவிர வேறு விடுதலை அதில் சாத்தியமாகிறதா? நூல் வெளியான பின் அதில் வந்த பெண்களுக்கு என்ன ஆயிற்று? மிஸஸ் மீர் ஹஸன் அலியின் நூல் முதல் கேள்வியிலேயே தேறிவிடும். நோர்மா கூரியின் நூல் நான்கிலும் தோற்கும்.

இன்னொரு பொறுப்பு நமக்கே உரியது. ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பெண்களின் குரல் நமக்குக் கிடைக்காமல் போனது வரலாற்றின் கொடுமை. கிருஷ்ணகிரிப் பெண்களின் குரலும் அதே வழியில் போனால் அது நம் அலட்சியம். கிருஷ்ணகிரியின் பழையபேட்டைப் பாட்டிமார் தக்கனியில் சொல்லும் கதைகளையும், முதல் சம்பளத்தைத் தம் பெயரில் வாங்கிய மகள்களின் அனுபவங்களையும் கிருஷ்ணகிரி, ஓசூர்க் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறை மாணவிகள் வாய்மொழி வரலாறாகத் தொகுக்கவேண்டும். சொல்பவரின் ஒப்புதலோடு, அவர் விரும்பும் பெயரில், அவருக்கு முதலில் வாசித்துக் காட்டிய பிறகே அது அச்சேறவேண்டும். காபூல் நூல்கள் தவறவிட்ட நெறி அதுதான். தன்னைப் பற்றிய நூலின் கையெழுத்துப் படியைத் திருத்தும் உரிமை ஒரு பெண்ணுக்கு இருக்குமானால், அவருடைய விடுதலையைப் பற்றிப் பேசும் தகுதி அந்த நூலுக்கு வந்துவிடுகிறது.